தாத்தாவின் இழைப்புளியை விற்பதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய தச்சுக் கருவிகளை விற்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகளுள் மிகப் பெரியது, அது என்ன கருவி என்று அறிவதற்கு முன்பே அதைப் பளபளப்பாக்கிவிடுவதாகும். பினாங்கின் ஆயர் ஈத்தாமில் வசிக்கும் ஒரு குடும்பத்தினர், துறைமுகத்தில் தச்சராக இருந்த தங்கள் தாத்தாவின் ரம்பத்தை, அமெரிக்க நிறுவனமான டிஸ்டன் செய்ததை, என்னிடம் கொண்டுவந்தபோது, அதன் தகடு கண்ணாடி போல் மின்னியது. இயந்திரத்தில் கம்பித் தூரிகையைப் பொருத்தி முந்தைய நாள்தான் தேய்த்திருந்தார்கள். தகட்டின் மேற்பரப்பில் மயிரிழை ஆழத்தில் பொறிக்கப்பட்டிருந்த நிறுவன முத்திரை, துருவோடு சேர்ந்து போய்விட்டது. சேகரிப்பாளர்கள் முதலில் தேடிப் பார்ப்பதே அந்த முத்திரையைத்தான். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

இரும்பின் மேல் படிந்திருக்கும் கரும்பழுப்புப் படலமும், விரலில் ஒட்டும் செந்துருவும் ஒன்றல்ல. முன்னது பல்லாண்டுப் பயன்பாட்டின் அடையாளம் என்பதால் அதை விட்டுவைக்க வேண்டும். பின்னதை மட்டும், மெல்லிய எண்ணெயில் நனைத்த மிக மென்மையான இரும்புப் பஞ்சால் பொறுமையாகத் துடைத்தெடுத்தால் போதும். பினாங்கின் உப்புக் காற்றில், தேய்த்து வெறுமையாக்கிய இரும்பு சில நாள்களிலேயே மீண்டும் துருவேறிவிடும் என்பதையும் மறக்கலாகாது. கைப்பிடியில் முன்னோர் குத்திவைத்த பெயரெழுத்துகளையும் அழிக்க வேண்டாம். கோலாலம்பூரின் செந்தூல் ரயில் பட்டறையிலோ தோட்டத்துப் பட்டறையிலோ உழைத்த ஒருவரின் பெயர், அந்தக் கருவியின் வரலாற்றில் ஒரு பகுதியாகும்.

அடுத்த தவறு, மரத்தைச் சீவி மழமழப்பாக்கும் இழைப்புளியில் காணும் காப்புரிமை ஆண்டைத் தயாரிப்பு ஆண்டாக எடுத்துக்கொள்வது. அமெரிக்க நிறுவனமான ஸ்டான்லியின் இழைப்புளிகள் சிலவற்றின் உடலில் 1902, 1910 ஆகிய ஆண்டுகளின் காப்புரிமைத் தேதிகள் வார்க்கப்பட்டிருக்கும். ஆனால் 1910-ஆம் ஆண்டைத் தாங்கிய இழைப்புளி 1920-களில் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். மேலும், பழையது என்பதாலேயே ஒன்று அரியதாகிவிடாது. ஸ்டான்லி 4-ஆம் எண் இழைப்புளி எண்ணற்ற அளவில் விற்றது; அதே நிறுவனத்தின் பெட்ராக் என்ற வேறொரு வரிசையில் வந்த, அதே அளவுடைய 604-ஆம் எண்ணுக்கு நாட்டம் அதிகம். இரண்டையும் குழப்பிக்கொண்டு பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் விலை பேசுபவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உடல் ஒரு காலத்தது, வெட்டுத் தகடு வேறு காலத்தது என்று கலந்து பொருத்தப்பட்டவையும் உண்டு. அவற்றை அப்படியே சொல்லித்தான் விற்க வேண்டும்.

வார்ப்பிரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பாராமல் விலை சொல்வதும் தவறே. தகடு வெளிவரும் வாய்ப்பகுதியின் மூலைகளையும், பக்கச்சுவர் அடிப்பாகத்தோடு சேரும் இடத்தையும் விளக்கொளியில் ஆராய வேண்டும். அங்கே பித்தளை நிறத்தில் மெல்லிய கோடு தெரிந்தால், அது உடைந்து பற்றவைக்கப்பட்டதாக இருக்கக்கூடும். வெட்டுத் தகடு எவ்வளவு நீளம் மிஞ்சியிருக்கிறது என்பதையும் அளந்து குறிப்பிட வேண்டும்.

விலையை முடிவு செய்யும்போது, ஈபே இணையச் சந்தையில் விற்பனையாளர் கேட்கும் தொகையைப் பார்க்காமல், உண்மையில் விற்று முடிந்தவற்றின் தொகையைப் பார்க்க வேண்டும். கேட்கும் விலை ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கக்கூடும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதில் பலரும் அறியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. பழைய அமெரிக்கக் கருவிகள் பலவற்றின் கைப்பிடிகள் பிரேசில் ரோஸ்வுட் மரத்தால் ஆனவை. அந்த மரம் 1992 முதல் அழிவுநிலை உயிரினங்களுக்கான அனைத்துலக உடன்படிக்கையில், வணிகத்துக்கு மிகக் கடுமையான கட்டுப்பாடு விதிக்கும் முதல் பட்டியலில் உள்ளது. யானைத் தந்தம் பதித்த அளவுகோல்களுக்கும் இத்தகைய கட்டுப்பாடு உண்டு. மலேசியாவில் இதற்கென 2008-ஆம் ஆண்டுச் சட்டமும் இருப்பதால், முறையான அனுமதியைப் பெறாமல் அஞ்சலில் சேர்க்கக் கூடாது. அனுமதி கிடைத்த பின்னும், வார்ப்பிரும்பு அதிர்ச்சியில் எளிதாக உடையும் என்பதால், வெட்டுத் தகட்டைக் கழற்றித் தனியே சுற்றி, உடலைத் தடித்த அட்டைகளுக்கு நடுவில் அசையாமல் வைத்துக் கட்ட வேண்டும்.