காட்டுத்தீயில் எரிந்த வீட்டின் இடிபாட்டை அரசே அகற்ற என்ன செய்ய வேண்டும்?

2025 ஜனவரி 7 அன்று பற்றி எரியத் தொடங்கிய பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரண்டு காட்டுத்தீயில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியில் (மாவட்டம் மாதிரி) 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அந்த இடிபாட்டை அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபெமாவின் நிதியில், வீட்டுக்காரர் கைக்காசு செலவழிக்காமல், ராணுவப் பொறியாளர் படை அகற்றித் தந்தது. அதற்கு விண்ணப்பிக்கும் கெடு அந்த வருடம் ஏப்ரல் 15-உடன் முடிந்துவிட்டது. ஆனால் அடுத்த பெரிய தீயிலும் அரசு இந்தத் திட்டத்தை அறிவித்தால் நடைமுறை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்பதால், அதை வைத்தே சொல்கிறேன்.

1. சாம்பலை நீங்களே அள்ளாதீர்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ், ஈயம், ஆர்செனிக் எல்லாம் கலந்திருக்கும். எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்து வையுங்கள், இன்சூரன்ஸுக்கு வேண்டும். தாலியோ நகையோ மிஞ்சியிருக்குமா என்று தேட மனசு துடிக்கும்தான், அதிகாரிகள் உள்ளே விட்ட பிறகு என்95 மாஸ்க், கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டையோடு போங்கள், குழந்தைகளைக் கூட்டிப்போகாதீர்கள்.

2. முதல் கட்டம் தானாக நடக்கும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆட்கள் வந்து கேஸ் சிலிண்டர், பெயின்ட், பூச்சிமருந்து, மின்சாரக் கார் பேட்டரி போன்றவற்றை எடுத்துப் போவார்கள். வெந்துபோன லித்தியம் பேட்டரி பல நாள் கழித்துக்கூட மறுபடி பற்றிக்கொள்ளும், அதனால்தான் இது முதலில்.

3. நுழைவு அனுமதிப் படிவம். எல்லாமே இதில்தான் இருக்கிறது. இதில் கையெழுத்துப் போடாமல், இடிபாட்டை அள்ளும் இரண்டாம் கட்ட வேலைக்கு யாரும் உங்கள் மனையில் கால் வைக்க மாட்டார்கள். வாடகைக்கு இருப்பவர் போட முடியாது, சொத்துக்காரர்தான் போட வேண்டும். மனையின் அடையாள எண் சொத்துவரி ரசீதில் இருக்கும், அடையாள அட்டையையும் இன்சூரன்ஸ் பாலிசியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். செப்டிக் டேங்க், கிணறு இருந்தால் மறக்காமல் எழுதுங்கள், மேலே லாரியும் கனரக இயந்திரமும் ஏறப்போகிறது.

இன்சூரன்ஸ் பகுதியில்தான் பலர் பயந்து நின்றுவிடுகிறார்கள். உங்கள் பாலிசியில் இடிபாடு அகற்ற என்றே தனித்தொகை இருந்தால், அந்தத் தொகையைத்தான் கவுன்ட்டி கேட்கும். தனியாக இல்லாமல் மொத்தமாக இருந்தால், வீட்டைக் கட்டி முடித்த பிறகு மிச்சம் இருந்தால் மட்டுமே. வீடு கட்டும் பணத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பேச்சை நம்பிக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

அஸ்திவாரத்தையும் எடுக்கவா என்று கேட்பார்கள். எடுக்கச் சொல்லுங்கள் என்பதுதான் என் கருத்து, ஏனென்றால் அந்தச் சூட்டில் வெந்த கான்கிரீட் பலமிழந்திருக்கும், வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பின்னால் உடைக்கிற செலவு உங்கள் தலையில்தான்.

அரசு வேண்டாம், சொந்த கான்ட்ராக்டர் போதும் என்றால் அதற்கும் விலகல் படிவம், பெர்மிட் எல்லாம் உண்டு, இன்சூரன்ஸ் தொகையைத் தாண்டினால் மீதி உங்கள் கையிலிருந்து. இரண்டையும் செய்யாமல் சும்மா விட்டுவிட முடியாது.

4. வேலை நாள். ஓரிரு நாள் முன்பே போன் வரும், தெரியாத எண் என்று கட் செய்யாதீர்கள். தள்ளி நின்று பார்க்கலாம். தூசி பறக்காமல் தண்ணீர் அடித்து, லாரியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து மூட்டை மாதிரி சுற்றிக் கொண்டுபோவார்கள். சாம்பல் கிடந்த இடத்தில் 6 அங்குலம் வரை மண்ணையும் சுரண்டி எடுப்பார்கள். கார் ஓட்டுபாதை, நீச்சல் குளம், வேலி, தடுப்புச்சுவர் இதெல்லாம் கணக்கில் வராது.

5. மண் பரிசோதனை. முன்பு கலிஃபோர்னியாவின் பெரிய தீ விபத்துகளுக்குப் பிறகு, சுரண்டிய மனையில் மண்ணைச் சோதித்துப் பார்த்தார்கள். 2025-இல் ஃபெமா அதைச் செய்யவில்லை. அது சரியில்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால் உங்கள் செலவிலாவது ஒரு ஆய்வகத்தில் கொடுத்து ஈயமும் ஆர்செனிக்கும் எவ்வளவு என்று பாருங்கள். கறிவேப்பிலையோ கீரையோ நடுவதாக இருந்தால் அந்த ரிப்போர்ட் வந்த பிறகு நடுங்கள்.