பூனை பல்லைக் கடித்தால் நாம் செய்யும் தவறுகள்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுப் பூனை கருப்பிக்கு ஒன்பது வயது. போன மாசியில் ஒரு ராத்திரி கட்டிலுக்கு அடியிலிருந்து நறநறவென்று சத்தம், அம்மியில் கேழ்வரகைப் போட்டு இழுத்த மாதிரி. எலி எதையோ கரண்டுகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தால் கருப்பிதான், வாயில் ஒன்றும் இல்லாமலே தாடையை அரைத்துக்கொண்டிருந்தாள். எச்சில் வழிந்து முன்னங்கால் முடியெல்லாம் நனைந்து ஒட்டிக் கிடந்தது.

காலையில் பக்கத்து வீட்டு அக்கா, "வயித்துல பூச்சி இருக்கும், மாத்திரை கொடுத்துப் பாருங்க" என்றார். குழந்தை தூக்கத்தில் பல்லைக் கடித்தால் நம் ஊரில் முதலில் சொல்வது இதுதான், அதையே பூனைக்கும் சொல்லிவிடுகிறோம். நானும் மாத்திரை கொடுத்துவிட்டு மூன்று வாரம் சும்மா இருந்தேன். அந்த மூன்று வாரமும் அவள் வலியோடு இருந்தாள் என்பது இன்னும் எனக்கு உறுத்தல்தான். பூச்சி மருந்து அதற்கான இடைவெளியில் கொடுக்க வேண்டியதுதான், ஆனால் பல் கடிப்பதற்கு அது வைத்தியம் இல்லை. பூனை பல்லை அரைத்தால் பெரும்பாலும் வாயில் வலி, இல்லையென்றால் குமட்டல். வயதான பூனைக்குச் சிறுநீரகம் கெட்டால் குமட்டலும் வாய்ப்புண்ணும் சேர்ந்தே வரும், அதனால் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். ஜன்னலில் குருவியைப் பார்த்துத் தாடை படபடக்கக் கத்துவது வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

"சாப்பிடுதே, வலி இருந்தா சாப்பிடுமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். சாப்பிடும். பல் கரைந்து நரம்பு தெரிகிற நிலையிலும் பூனை சாப்பிடும், பசியும் வலியும் அதற்கு ஒரே நேரத்தில் இருக்கும். எப்படிச் சாப்பிடுகிறது என்று பாருங்கள்: தட்டுக்கு ஓடி வந்து முகர்ந்துவிட்டுப் பின்வாங்குகிறதா, தலையை ஒரு பக்கம் சாய்த்து மெல்லுகிறதா, வாயிலிருந்து துண்டு துண்டாக விழுகிறதா, மெல்லாமலே விழுங்குகிறதா. கருப்பி ஒரு மாதமாக இடப்பக்கம் மட்டுமே மென்றிருக்கிறாள், அது வயசு என்று விட்டுவிட்டேன். உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதைக் குறைத்துக்கொண்டதையும் கவனிக்கவில்லை.

அடுத்தது நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் செய்யக்கூடிய தவறு. ஃபுளோரைடு கலந்த கிணற்று, போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம், பழுப்புக் கறை படிந்த பல் இங்கே பல குடும்பங்களில் உண்டு. 2013இல் ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகும் அந்தப் பழக்கம் மனதில் இருக்கிறது, பூனையின் கடைவாய்ப் பல் பழுப்பாக இருந்தால் 'தண்ணி அப்படி' என்று கடந்துபோகிறோம். ஃபுளோரைடு கறை பல்லோடு பல்லாக இருக்கும். ஈறு ஓரத்தில் ஓடு மாதிரி ஒட்டியிருப்பது காரை, அதன் அடியில் கிருமி சேர்ந்து ஈறு சிவந்து, வாய் அழுகல் நாற்றம் அடிக்கும். மேல் உதட்டை விரலால் லேசாகத் தூக்கிப் பார்த்தாலே தெரியும். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் ஈறே பல்மேல் ஏறியது போல ரோஸ் நிறப் புள்ளி இருந்தால் இன்னும் கவனம், பூனைகளுக்குப் பல் தானாகவே கரைகிற ஒரு நோய் சர்வசாதாரணம், அதன் அடையாளமாக இருக்கலாம். அந்த இடத்தில் எதுவும் பட்டால் தாடை வெடவெடவென்று நடுங்கும். நீங்கள் தொட்டுச் சோதிக்க வேண்டாம்.

தெருப்பூனை எச்சில் வழிய, தாடை தொங்க நின்றால் வாயைத் திறந்து பார்க்கவே கூடாது, வெறிநோயாகவும் இருக்கலாம். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஊசிக்குப் போங்கள்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். பூனைக்குப் பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது. பாதி மாத்திரை, கால் மாத்திரை என்ற கணக்கெல்லாம் இல்லை. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், உயிரே போய்விடும். தெரியாமல் கொடுத்துவிட்டால் காத்திருக்காமல் அந்த நிமிடமே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பல்வலிக்கு நாம் வைக்கும் கிராம்புத் தைலமும் பூனைக்கு விஷம்தான். நம் பேஸ்ட் வேண்டாம், பூனை அதைத் துப்பாமல் விழுங்கிவிடும். உப்புத் தேய்ப்பதும் வேண்டாம்.

எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்று அணை மீன் முள்ளையும் வெந்த கோழி எலும்பையும் போடுகிறோம். வெந்த எலும்பு சில்லு சில்லாக உடையும், ஈறில் குத்தும், தொண்டையிலும் சிக்கும்.

சரி, டாக்டரிடம் போனால் பல்லைப் பிடுங்கச் சொல்வார்கள், அப்புறம் எப்படிச் சாப்பிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. கரைந்துபோன பல்லை அடைத்து நிறுத்த முடியாது, எடுப்பதுதான் வழி. மயக்க மருந்து இல்லாமல் மேலோட்டமாகக் காரையைச் சுரண்டுவது பூனைக்கு வதை, ஈறுக்கு அடியில் இருப்பது அப்படியே இருக்கும். வேர் எந்த நிலையில் இருக்கிறது என்று பல் எக்ஸ்ரேயில்தான் தெரியும். நம் பக்கம் கால்நடை மருத்துவமனைக்கு மாடும் ஆடும்தான் அதிகம் வரும், அதனால் கிளம்பும் முன் போன் செய்து இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பெங்களூரிலோ விசாரிக்கலாம். பூனை முழுசாகச் சாப்பாட்டை நிறுத்திவிட்டால் மட்டும் இரண்டு மூன்று நாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், குண்டான பூனையாக இருந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறி அதுவே உயிருக்கு ஆபத்தாகும்.

கருப்பிக்கு நான்கு பல் எடுத்தார்கள். மறுநாளே முள் எடுத்து மசித்த மீனைத் தட்டு தேய நக்கினாள். ஈறு ஆறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் பூனைகளுக்கான பேஸ்ட்டை விரலில் தடவி நக்கவிட்டேன், பத்து நாள் கழித்து சின்ன பிரஷ். வலிக்கிற ஈறில் பிரஷ் வைத்தால் அப்புறம் ஜென்மத்துக்கும் வாயைத் தொட விடாது.