முதல் பூ அலங்காரம்: என்ன வாங்கலாம், எப்படித் தொடங்கலாம்?

அக்கா மகள் நிச்சயதார்த்தத்துக்கு மேஜை அலங்காரம் நானே செய்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். காலையில் எல்லாரும் பாராட்டினார்கள். மத்தியானப் பந்தி முடிவதற்குள் ரோஜா அத்தனையும் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. பூவில் குறையில்லை, ஒயாசிஸ் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பச்சை ஃபோமை நான் நனைத்த விதம்தான் தப்பு.

அதனால் முதலில் ஃபோம். அகலமான வாளியில் தண்ணீர் நிரப்பி, கட்டியை மேலே மிதக்க விடுங்கள். கையால் அமுக்கவே கூடாது. அமுக்கினால் வெளிப்பக்கம் நனைந்து, உள்ளே காற்று சிக்கி, நடுப்பகுதி காய்ந்தே கிடக்கும். அங்கே போய் நிற்கும் காம்புக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. கட்டி தானாக மூழ்கிக் கரும்பச்சையானதும் எடுத்துவிடலாம். ஒரு தடவை நனைத்துக் காய்ந்த கட்டி மறுபடி சரியாக உறிஞ்சாது, மக்கவும் செய்யாது. வீட்டு விசேஷம் என்றால் இப்போதெல்லாம் நான் வாழைத்தண்டுதான் எடுக்கிறேன். நாலு விரல் உயரத்துக்கு நறுக்கி உருளியில் நிறுத்தி, குச்சியால் துளை போட்டுக் காம்பைச் செருகினால் ஒரு நாள் விசேஷத்துக்குப் போதும்.

அடுத்தது கட்டர். துணி வெட்டும் கத்தரிக்கோல் ரோஜாக் காம்பை நசுக்கிவிடும். செடி கத்தரிக்கிற கட்டரே சரி. சாய்வாக வெட்டுங்கள். தண்ணீருக்குள் போகும் இலைகளை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுகி நாறும்.

ஜெர்பரா பூவின் காம்பு துவளும் என்பதால் மெல்லிய பூக்கம்பி ஒரு கட்டு வேண்டும். பச்சை டேப்பும் ஒன்று. அதை இழுத்துச் சுற்றினால்தான் ஒட்டும். இது தெரியாமல் டேப் கெட்டுப்போச்சு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவள் நான்!

அப்புறம் பூ. சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து வ.உ.சி. மார்க்கெட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நீளக்காம்பு ரோஜா பெரும்பாலும் 20 பூ கொண்ட கட்டாக வரும். பனமரத்துப்பட்டிப் பக்கத்து அரளி மாலைக்காக மொட்டாகப் பறித்தது. உருளி ஓரத்தில் வரிசை கட்ட ஆகும். அரளிப்பால் விஷம், தொட்டபின் கையைக் கழுவுங்கள். ஏற்காட்டில் தெரிந்தவர்கள் இருந்தால் நாலு கொத்து சில்வர் ஓக் இலை கேளுங்கள். அதன் வெள்ளி நிற அடிப்பக்கம் தெரிகிற மாதிரி வைத்தால் தனி அழகு. அங்கிருந்து ஹைட்ரேஞ்சியா கொண்டுவந்து வழியில் வாடிவிட்டால், பூக்கொத்தையே அரை மணி நேரம் தண்ணீரில் கவிழ்த்து வையுங்கள். பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

செருகும்போது முதலில் இலை, பிறகு உயரமான பூ, கடைசியில் ஓரத்துச் சின்னப் பூக்கள். மத்தியானம் ஒருமுறை ஃபோமைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் குறைந்திருந்தால், முழுக்கக் காய்வதற்குள் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள்.