பேஜ் ஓனர் காட்டும் பெயரை அப்படியே நம்பிவிடாதீர்கள்

லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலில் மெமரி எங்கே கசிகிறது, அதாவது வாங்கியது திரும்பாமல் எங்கே தேங்குகிறது என்று தேடுகிறவர்களுக்கு, கேர்னலிலேயே இருக்கிற பேஜ் ஓனர் என்ற வசதி பெரிய உதவி. ஒவ்வொரு பேஜையும் (மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் அடிப்படை அலகு) எந்த ஃபங்ஷன் வழியாக, எந்த ப்ராசஸ் ஓடிக்கொண்டிருந்தபோது, எந்த நேரத்தில் வாங்கினார்கள் என்பதை ஸ்டாக் ட்ரேஸோடு (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற வரிசை) குறித்து வைக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் ப்ரொஜெக்டுக்காக இதைத் தொடுகிற கம்பஸ் பொடியள் இடறக்கூடிய இடங்கள் சில இருக்கின்றன.

கேர்னல் கன்ஃபிகில் பேஜ் ஓனரைச் சேர்த்து கம்பைல் பண்ணினால் மட்டும் போதாது. கேர்னல் தொடங்கும்போது கொடுக்கிற பூட் வரியிலும் பேஜ்_ஓனர்=ஆன் என்று கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் எதுவும் பதிவாகாது. அதற்காக எப்போதும் போட்டு வைக்கவும் வேண்டாம். 4 ஜிபி ரேம் என்றாலே 4 கேபி பேஜ்கள் 10 லட்சத்துக்கு மேல், ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுத இடம் போகும்.

பெரிய தவறு, பதிவில் இருக்கிற பிஐடியை, அதாவது ப்ராசஸின் எண்ணைப் பார்த்த உடனே "இவன்தான் மெமரியைத் தின்கிறான்" என்று முடிவெடுப்பது. உறுதியில் பெயர் இருப்பவர் ஒருவர், காணியில் குடியிருப்பவர் இன்னொருவர் என்பது எங்கள் ஊரில் புதிதா என்ன? இங்கேயும் அதே கதைதான். பதிவில் இருப்பது பேஜை வாங்கிய நேரத்து விவரம், இப்போது வைத்திருப்பவர் யார் என்பது இல்லை. நெட்வொர்க் கார்டின் ட்ரைவரை எடுங்கள்: பாக்கெட் வரும்போது ஓடுகிற ப்ராசஸை இடைமறித்துக் கேர்னல் தன் வேலையைச் செய்யும் சாஃப்ட்ஐஆர்கியூவில் பேஜ் கேட்கும், அந்தக் கணத்தில் சிபியுவில் பிரவுசர் ஓடிக்கொண்டிருந்தால் பிரவுசரின் பிஐடிதான் பதிவாகும், அதற்கும் பிரவுசருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும். ஆகவே பிஐடியை விட்டுவிட்டு ஸ்டாக் ட்ரேஸை மேலிருந்து கீழே வடிவாக வாசியுங்கள்.

அப்புறம், ஒரே ஒரு தரம் எடுத்த பதிவை வைத்து லீக் என்று சொல்லாதீர்கள். ஃபைல் வாசித்ததால், வாசித்ததை மெமரியில் வைத்திருக்கும் பேஜ் கேஷ் பெருத்திருக்கும், அது பிழை இல்லை, தேவை வந்தால் கேர்னல் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அதே வேலையைத் திரும்ப ஓடவிட்டு, இடைவெளி விட்டு இரண்டு மூன்று தரம் பதிவு எடுத்து, எந்த ஸ்டாக் மட்டும் குறையாமல் ஏறுகிறது என்று பாருங்கள். பதிவுகளை அடுக்கித் தரும் பேஜ்_ஓனர்_சார்ட் என்ற கருவியில் எண்ணிக்கையை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவீர்கள். ஒரே தரத்தில் வாங்கிய பேஜ்களை இரண்டின் அடுக்காகச் சொல்வதுதான் ஆர்டர், ஆர்டர் 9 பதிவு ஒன்றே 512 பேஜ், அதாவது 2 எம்பி, ஆகவே மொத்த மெமரிப்படியும் அடுக்கிப் பாருங்கள்.

கேர்னல் கோட் சின்ன அளவு மெமரி வாங்கும் ஃபங்ஷனான கேமலாக்கில் வாங்கிய சின்னத் துண்டுகளை இதில் தேடிப் பயனில்லை. அதன் பின்னால் இருக்கிற ஸ்லாப் என்ற பகுதி ஒரு பேஜைப் பல துண்டாக்கிக் கொடுப்பதால் முதலில் பேஜை வாங்கிய வழி மட்டும்தான் தெரியும். அதற்கு கேமெம்லீக் என்ற இன்னொரு கேர்னல் கருவிதான் சரி.

கடைசியாக, கேர்னலில் சேர்க்க நீங்களே எழுதும் மாட்யூல். யூசர் ப்ராசஸின் பேஜ்களை நகராமல் பிடிக்கும் பின்_யூசர்_பேஜஸ் வைத்துப் பிடித்த பேஜை புட்_பேஜ் கொண்டு விடக்கூடாது, அன்பின்_யூசர்_பேஜ்தான் வேண்டும். எரர் வந்து நடுவில் திரும்புகிற பாதைகளில் இதைக் கூப்பிட மறந்துவிடுவது சுலபம், பேஜ் ஓனரும் அதைக் காட்டித் தராது, ஏனென்றால் வாங்கிய இடத்தில் ஒரு பிழையும் இல்லை. கோடைத் திறந்து ஒவ்வொரு ரிட்டர்னாகப் பார்க்க வேண்டியதுதான்.