லூகா டோன்சிச்சின் ஆட்டத்தைப் பார்ப்பது எப்படி?

இணையத்தில் கூடைப்பந்து வீரர் லூகா டோன்சிச் என்று தேடினால் சில நொடித் துணுக்குகளாகக் கொட்டுகின்றன. பின்னால் தாவுகிறார், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிகிறார், பந்து கூடையில் விழுகிறது. அவ்வளவுதான். அதைப் பார்த்து அவர்மேல் பிரியம் கொண்டவர்கள் தயவுசெய்து முழு ஆட்டத்தையும் பாருங்கள். பந்து கையை விட்டுப் போவதற்கு முந்தைய நான்கைந்து நொடிகளில்தான் அவருடைய வித்தை இருக்கிறது.

முதலில் பந்தை மறந்துவிட்டுக் கால்களைக் கவனியுங்கள். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் அவரைவிட வேகமாக ஓடுபவர்கள் ஏராளம். அவரைப்போல் சட்டென்று நிற்பவர்கள் சொற்பம். சக வீரர் போடும் ஸ்கிரீனை, அதாவது தடுப்பாளரை மறித்து நிற்கும் உடல் சுவரை, தாண்டியதும் வேகத்தைக் குறைத்து, தன்னைத் துரத்தி வருபவரை முதுகுக்குப் பின்னாலேயே நிறுத்திவைப்பார். இப்போது கூடைக்கடியில் நிற்கும் உயரமான தடுப்பாளரைப் பாருங்கள். அவர் முன்னே வந்தால் பந்து அவர் தலைக்கு மேல் பறக்கும்; வராவிட்டால் டோன்சிச்சே எறிவார். மூலையில் நிற்பவரின் காவலர் உதவிக்கு நகர்ந்தால் பந்து அந்த மூலைக்குப் போய்விடும். முடிவெடுக்க வேண்டிய சங்கடம் எப்போதும் எதிராளிக்குத்தான்.

பழகிக்கொள்ள ஓர் ஆட்டம் சொல்கிறேன். 2022 டிசம்பர் 27, அவர் அப்போது ஆடிய டல்லாஸ் எதிர் நியூயார்க். கடைசி நொடிகளில் டல்லாஸ் மூன்று புள்ளி பின்தங்கியிருக்கிறது. டோன்சிச்சுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. முதலாவதைப் போடுகிறார், இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிடுகிறார். சிதறி வந்த பந்தைத் தானே பிடித்து உள்ளே போட்டுச் சமன் செய்கிறார். கூடுதல் நேரத்தில் டல்லாஸ் 126-121 என வென்றது. அவர் கணக்கில் 60 புள்ளி, 21 ரீபவுண்ட் (தவறிய எறிதலில் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 10 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கக் கொடுக்கும் பந்து). அந்தத் தவறவிட்ட எறிதலை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பந்து எங்கே வரும் என்று கணித்து உடல் முன்கூட்டியே நகர்வது தெரியும்.

இந்த நிதானம் அமெரிக்காவில் கற்றதல்ல. ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் பிறந்தவர், 13 வயதில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கூடைப்பந்து அணிக்குப் போனார், 16 வயதில் பெரியவர்கள் அணியில் இறங்கினார். 2018இல் ஐரோப்பிய கிளப் அணிகளின் யூரோலீக் கோப்பையையும் அந்தப் பருவத்தின் சிறந்த வீரர் விருதையும் வென்றபோது வயது 19. என்பிஏவில் முதல் ஆண்டிலேயே, நட்சத்திர வீரர்கள் மோதும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கான ரசிகர் வாக்கெடுப்பில் 40 லட்சத்துக்கு மேல் வாக்குகள் குவிந்தன. ஆனால் வீரர்களும் செய்தியாளர்களும் அளித்த வாக்குகளும் சேர்ந்ததால் தொடக்க ஐவரில் இடம் கிடைக்கவில்லை. எனவே வாக்கு எண்ணிக்கையை வைத்து ஆட்டத்தை எடைபோடாதீர்கள். 2025 பிப்ரவரியில் டல்லாஸ் அவரை லாஸ் ஏஞ்சலஸின் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்தபோது ரசிகர்கள் கொதித்ததற்குக் காரணம், அவர்கள் அவரைப் பல ஆண்டுகள் முழு ஆட்டங்களாகப் பார்த்திருந்தார்கள்.

ஸ்லோவேனியா அணிக்காக ஆடியவற்றையும் விட்டுவிடாதீர்கள். 2017 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்திலிருந்து தொடங்கலாம். செர்பியாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் டோன்சிச் கணுக்கால் பிசகி வெளியேறினார். அணியின் மூத்த வீரர் கோரன் டிராகிச் 35 புள்ளி எடுத்து 93-85 என முடித்துவைத்தார். பதினெட்டு வயதுப் பையன் எந்த மூத்தவரின் பக்கத்தில் நின்று வளர்ந்தான் என்பதை அங்கே பார்க்கலாம்.