அறிவியல் திருவிழாவில் செயற்கை நுண்ணறிவுக்கு மேசை போடுகிறீர்களா?

பெங்களூரில் ஆட்டோக்காரரிடம் ‘டாடா இன்ஸ்டிட்யூட்’ என்று சொன்னால் இந்திய அறிவியல் கழகத்தின் வாசலில் இறக்கிவிடுவார். வருஷத்தில் ஒரு நாள், பெரும்பாலும் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளை ஒட்டி, அந்த வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கும். அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் பக்கமிருந்து தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும். நான் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளில் ஆராய்ச்சி செய்கிறவள். இந்த மாதிரி நாட்களில் மேசைக்குப் பின்னால் நிற்பது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. முதல் தடவை நிற்கப்போகிற மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கேட்டதற்குப் பதில் எழுதும் சாட்பாட்டைத் திரையில் போட்டு ‘ஏதாவது கேளுங்க’ என்று விட்டுவிடாதீர்கள். அது வந்தவரின் சட்டைப்பையில் உள்ள போனிலேயே இருக்கிறது. தவிர, கூட்டம் கூடினால் சிக்னல் படுத்துவிடும். அந்த இரைச்சலில் பேச்சு மென்பொருளும் திணறும். பார்த்தவர் ‘அட’ என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். இயந்திரம் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதை அவர் தன் கையால் செய்து பார்க்க வேண்டும். அதற்கு மின்சாரம்கூட வேண்டாம்.

டொனால்ட் மிச்சி என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் 1961-இல் 304 தீப்பெட்டிகளையும் வண்ண மணிகளையும் வைத்து, எக்ஸ்-ஓ ஆட்டம் கற்றுக்கொள்ளும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். நாம் அதைவிட எளிய ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம், 10 பெட்டி போதும். ஆட்டம் இதுதான்: மேசையில் 10 குச்சி. மாறி மாறி ஒன்றோ இரண்டோ எடுக்க வேண்டும். கடைசிக் குச்சியை எடுப்பவருக்கு வெற்றி.

பெட்டிகளில் 1 முதல் 10 வரை எண் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் 2 சிவப்பு மணி, 2 மஞ்சள் மணி. முதல் பெட்டியில் மட்டும் சிவப்பே போதும். சிக்பேட்டையில் ஜாக்கெட்டுக்கு வைத்துத் தைக்கிற மணி மலிவாகவே கிடைக்கும். சிவப்பு வந்தால் ஒரு குச்சி, மஞ்சள் வந்தால் இரண்டு. பெட்டிகள் ஒரு பக்கம், வந்தவர் எதிர்ப்பக்கம்; பெட்டிதான் முதலில் ஆடும். எத்தனை குச்சி மிச்சமோ அந்த எண் பெட்டியைத் திறந்து, ஒரு குழந்தை கண்ணை மூடிக்கொண்டு மணி எடுக்கட்டும். எடுத்த மணி அந்தப் பெட்டியின் மேலேயே இருக்கட்டும். பெட்டி ஜெயித்தால் எல்லா மணிகளையும் உள்ளே போட்டு, ஒவ்வொன்றோடும் அதே நிறத்தில் இன்னொன்று சேர்த்துவிடுங்கள். தோற்றால் கடைசியாக எடுத்த மணி பறிமுதல். மற்றவை திரும்ப உள்ளே போகும். திறக்க வேண்டிய பெட்டி காலியாக இருந்தால் தோல்வி என்று கொண்டு, அதற்கு முந்தைய நகர்வின் மணியைப் பறியுங்கள்.

காலையில் பெட்டி கண்டபடி தோற்கும். போகப் போக 4-ஆம் பெட்டியில் சிவப்பு மட்டும் மிஞ்சும், 5-ஆம் பெட்டியில் மஞ்சள் மட்டும். எதிராளிக்கு 3, 6, 9 குச்சி விட்டுவைத்தால் ஜெயிக்கலாம் என்பதை அதற்கு யாருமே சொல்லித்தரவில்லை. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பெட்டியைத் திறந்து காட்டி, ‘இதுக்கு மூணாம் வாய்ப்பாடு தெரியுமா?’ என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். தெரியும் என்று பாதிப் பேரும் மணிதானே இருக்கிறது என்று மீதிப் பேரும் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். உங்கள் மேசையில் நடக்கிற மிக நல்ல பேச்சு அதுதான்.

ஆட வந்த பிள்ளைகள் ரொம்பச் சின்னவர்களாக இருந்தால் பெட்டி தப்பாக ஆடியும் ஜெயிக்கும், தப்பான மணியும் பெருகும். அதை மறைக்காமல் காட்டுங்கள். கொடுத்த பாடத்தைப் பொறுத்துதான் இயந்திரம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

அப்புறம் பெரியவர்கள் சாட்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள். ‘ஆடிப் பட்டம் தேடி…’ என்று சொல்லி நிறுத்துங்கள். ‘விதை’ என்று கூட்டமே முடிக்கும். அடுத்து, ‘நேத்து எங்க வீட்டுல…’ என்று ஆரம்பியுங்கள்; ஆளுக்கொன்று சொல்வார்கள். அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று ஏராளமான எழுத்துகளிலிருந்து கணித்து எழுதுவதுதான் அதன் அடிப்படை வேலை என்று இங்கே சொல்லலாம். மூன்றாவதாக, ‘எங்க தெரு டாக்டர் பேரு…’ என்று கேளுங்கள். உங்கள் தெரு தெரியாதவர் சும்மா இருப்பார். சாட்பாட்டோ பொருத்தமாகத் தோன்றுகிற ஒரு பெயரைத் தயங்காமல் சொல்லிவிடக்கூடும். சரளமாக வருவதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்பது பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிடும்.

மேசையில் கன்னடம் பேசுகிறவர் ஒருவர் கட்டாயம் வேண்டும், தமிழும் இந்தியும் பேசுகிறவர்கள் கூடவே இருந்தால் நல்லது. பலகையில் நிறைய எழுதாதீர்கள், ஒரு வரி போதும். குழந்தைகளின் குரலையோ முகத்தையோ பதிவு செய்யாதீர்கள். செய்தே ஆகவேண்டும் என்றால் பெற்றோரைக் கேட்டுவிட்டுச் செய்து, அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்துவிடுங்கள்.

‘என் பையனுக்கு வேலை இருக்குமாம்மா?’ என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். சிரித்து மழுப்பாதீர்கள். மொழிபெயர்ப்பு, நிரல் எழுதுவது, கடித வரைவு போன்ற வேலைகள் மாறிக்கொண்டிருக்கின்றன என்று சொல்லுங்கள். பையன் என்ன படிக்கிறான் என்று கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். பயத்தோடு வந்த மனிதருக்கு நாம் தர வேண்டிய மரியாதை அது.

பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். வருகிற கேள்விகளைக் கேட்டவர் சொன்னபடியே அதில் எழுதுங்கள், உங்கள் மொழிக்கு மாற்றாதீர்கள். என் நோட்டில் ஓர் அம்மாவின் கேள்வி இருக்கிறது: ‘எங்க மாமியார் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாங்க, அதுக்குப் புரியுமா?’ அல்சூர் வீடுகளில் பேச்சு அப்படித்தான். அந்தக் கலப்பில் பேச்சு மென்பொருள் இன்னும் தடுமாறுகிறது. அவரிடம் அதைச் சொன்னேன், மறுநாள் அந்தப் பக்கத்தை ஆய்வகக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன்.