பத்து விநாடிக்குப் போன தங்கம்: டிரையத்லான் சீசனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 ஜூலை 29, பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி. ஆண்கள் டிரையத்லானில் நியூசிலாந்தின் ஹேடன் வைல்டும் இங்கிலாந்தின் அலெக்ஸ் யீயும்தான் தங்கத்துக்கு மோதினார்கள். 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். சைக்கிளில் முன்னே வந்தவர் வைல்டு. ஆனால் வண்டியை ஸ்டாண்டில் மாட்டுவதற்கு முன்பே ஹெல்மெட் வாரைக் கழற்றிவிட்டார் என்று நடுவர்கள் 10 விநாடி அபராதம் போட்டார்கள். ஓட்டத்தின் நடுவே பெனால்டி பாக்ஸில் சும்மா நின்று அந்த 10 விநாடியைக் கழிக்க வேண்டும். தங்கம் யீக்கு, வெள்ளி வைல்டுக்கு.

இதைப் பார்க்கும் புதியவர்களுக்குக் கோபம் வரும். ஒரு கிளிப்புக்காகவா தங்கம் போக வேண்டும் என்று எனக்கும் அன்று தோன்றியது. ஆனால் இந்த விளையாட்டைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். உலகின் முதல் பத்துப் பேருக்குள் நுரையீரலிலும் காலிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. இதயம் தாறுமாறாக அடித்துக்கொண்டிருக்கும்போது கை என்ன செய்கிறது என்பதில்தான் பல பந்தயங்கள் முடிவாகின்றன.

அதனால் முதலில் டிரான்சிஷனைப் பேசிவிடுவோம். நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடம் அது. சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுப்பதற்கு முன் ஹெல்மெட் தலையில் ஏறி, வார் பூட்டியிருக்க வேண்டும். திரும்பி வந்து வண்டியை மாட்டிய பிறகுதான் வாரைக் கழற்றலாம். கழற்றிய நீச்சல் கண்ணாடி, தொப்பி, வெட்சூட் (உடலை ஒட்டிய ரப்பர் நீச்சலுடை) எல்லாம் அவரவர் பெட்டிக்குள் விழ வேண்டும். வெளியே கிடந்தால் அபராதம். தரையில் ஒரு கோடு இருக்கும். அதைத் தாண்டிய பிறகுதான் சைக்கிளில் ஏறலாம். முடிக்கும்போது இன்னொரு கோடு, அதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும். பர்மிங்காமில் ஓடியது போன்ற ஸ்பிரின்ட் தூரத்தில் அபராதம் 10 விநாடி, அதன் இரு மடங்கான ஒலிம்பிக் தூரத்தில் 15.

அந்த ஏறும் கோட்டில் மாட்டியவர் சாதாரண ஆளல்ல. 2012 லண்டன் ஒலிம்பிக், ஹைட் பார்க். ஜானி பிரவுன்லீ கோட்டைத் தாண்டும் முன்பே சைக்கிளில் ஏறிவிட்டார். ஓட்டத்தில் அண்ணன் அலிஸ்டரோடும் ஸ்பெயினின் ஹாவியர் கோமஸோடும் முன்னணியில் இருந்தவர், பெனால்டி பாக்ஸில் போய் நின்றார். அலிஸ்டருக்குத் தங்கம், கோமஸுக்கு வெள்ளி, ஜானிக்கு வெண்கலம். கோமஸுக்கும் ஜானிக்கும் இடைவெளி 20 விநாடி. அபராதம் 15 தானே, எப்படியும் வெண்கலம்தானே என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முழு வேகத்தில் ஓடுகிறவர் நின்று, மறுபடி ஓட்டத்தைப் பிடிப்பதில் இழப்பது 15 விநாடி மட்டுமல்ல. துரத்த யாரும் கண்முன் இல்லாமல் தனியாக ஓட வேண்டும், அதுவே ஒரு சுமை.

அபராதம் வந்த பிறகு செய்யும் தவறு இன்னொன்று: பதறுவது. யாருக்கு அபராதம் என்று ஒரு பலகையில் எண் எழுதி வைப்பார்கள். அதைப் பார்ப்பது வீரரின் பொறுப்பு. எந்தச் சுற்றில் நிற்பது என்பது அவர் விருப்பம், நிற்காமலே முடித்தால் தகுதிநீக்கம். 2013இல் உலகப் பட்டத்துக்கான தொடரின் லண்டன் இறுதிப்போட்டியில் பிரிட்டனின் நோன் ஸ்டான்ஃபோர்டு டிரான்சிஷனில் செய்த பிழைக்காக 15 விநாடி நின்றார். நின்ற பிறகும் பந்தயத்தை வென்று உலகப் பட்டத்தையும் எடுத்துப் போனார். அதே பந்தயத்தில் பட்டத்துக்கு முன்னணியில் இருந்த அமெரிக்காவின் குவென் ஜார்கன்சன் சைக்கிளில் விழுந்து வெளியேறினார். மழையில் நனைந்த சாலை அது.

சைக்கிள் என்றதும் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். அயர்ன்மேன் என்ற நீண்ட தூர வகையில் முன்னால் போகிறவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டக் கூடாது. உலக டிரையத்லான் சாம்பியன்ஷிப் தொடரிலும் ஒலிம்பிக்கிலும் ஓட்டலாம். கூட்டமாக ஓட்டினால் முன்னவர் காற்றைக் கிழிக்க, பின்னவருக்குப் பாடு குறையும். அதனால் நீச்சலில் முதல் கூட்டத்தைத் தவறவிடுவதுதான் இங்கே மிகப் பெரிய தவறு. 1500 மீட்டரில் 20 விநாடி பின்தங்கினால் ஒன்றும் இல்லை என்று குளத்தில் பயிற்சி செய்கிறவர் நினைக்கலாம். முன்னே பத்துப் பேர் மாறி மாறி இழுத்துக்கொண்டு போகும்போது, பின்னே தனியாக மிதிக்கிறவருக்கு அந்த 20 விநாடி சுற்றுக்குச் சுற்று வளரும். தொடக்கத்தில் பாண்டூனில், அதாவது குதிக்கும் மிதக்கும் மேடையில், எந்த இடத்தில் நிற்பது என்று தரவரிசைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுப்பார்கள். நண்பனுக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்று போவது வீண். நீரோட்டம் எந்தப் பக்கம், முதல் மிதவை எந்தப் பக்கம் என்று பார்த்து நிற்க வேண்டும். 2024 பாரிஸில் செய்ன் நதியின் ஓட்டம் அவ்வளவு பலமாக இருந்ததால், எதிர்த்து நீந்தும்போது கரையை ஒட்டிப் போனவர்களே பிழைத்தார்கள். வெட்சூட் விஷயத்தையும் முன்கூட்டியே மனதில் வைத்திருக்க வேண்டும்: தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் போனால் இந்தத் தூரத்தில் எலைட் வீரர்களுக்கு வெட்சூட் கிடையாது. மிதப்புக்கு அதை நம்பியிருப்பவர்களுக்கு அன்று காலை அறிவிப்பே அடிதான்.

பஞ்சர் ஆனால்? ஜார்ஜியா டெய்லர்-பிரவுனைப் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் சைக்கிளின் கடைசிப் பகுதியில் சக்கரம் காற்றுப் போனது. அவர் நின்று சக்கரம் மாற்றவில்லை, காற்றில்லாத டயரிலேயே உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பிறகு ஓடிப் பிடித்து வெள்ளி வாங்கினார். தொடக்கத்திலேயே பஞ்சர் ஆகியிருந்தால் இந்த முடிவு முட்டாள்தனமாகியிருக்கும்.

அப்புறம் வெயில். இதற்கு 2016 செப்டம்பர், மெக்ஸிகோவின் கோசுமெல் தீவு. சீசனின் இறுதிப்போட்டி. ஜானி பிரவுன்லீ வென்று, ஸ்பெயினின் மரியோ மோலா மூன்றாவது இடத்துக்குக் கீழே வந்தால் உலகப் பட்டம் ஜானிக்கு. கடைசி ஒரு கிலோமீட்டர் வரை ஜானிதான் முன்னே. மோலா பின்னால், ஐந்தாவதாக வந்துகொண்டிருக்கிறார். பிறகு ஜானியின் கால்கள் தள்ளாடத் தொடங்கின, சாலையின் ஓரத்துக்குச் சாய்ந்தார். உடல் சூடு தாங்காமல் நின்றுவிட்டது. பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் அவர் தோளைத் தன் மேல் போட்டுக்கொண்டு இழுத்து வந்தார். தென்னாப்பிரிக்காவின் ஹென்றி ஸ்கூமன் இருவரையும் தாண்டிப் போய் வென்றார். கோட்டருகே அலிஸ்டர் தம்பியை முன்னே தள்ளிவிட, ஜானி இரண்டாவது, அலிஸ்டர் மூன்றாவது. பட்டம் மோலாவுக்கு, வெறும் 4 புள்ளி வித்தியாசத்தில்.

உலகமே அண்ணன் தம்பி பாசம் என்று கண் கலங்கியது. அலிஸ்டர் மட்டும் எரிச்சலோடு பேசினார்: அவன் வேகத்தைச் சரியாகப் பிரித்து ஓடியிருந்தால், கடைசி 2 கிலோமீட்டரை ஜாகிங் போலவே ஓடி ஜெயித்திருக்கலாம் என்று. அண்ணன் என்றால் அப்படித்தான். ஆனால் அவர் சொன்னதுதான் பாடம். வெயிலில் உடல் உள்ளே சூடேறிக்கொண்டே போகும். தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாலும், வேகத்தைக் குறைக்காமல் அந்தச் சூடு இறங்காது. தாகம் வந்த பிறகு யோசிப்பதும், தள்ளாட்டம் வந்த பிறகு வேகத்தைக் குறைப்பதும் காலம் கடந்த வேலை. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: அன்று அலிஸ்டர் செய்தது விதிக்குள் இருந்தது. பிறகு விதியை மாற்றிவிட்டார்கள். இன்று ஒருவரை இன்னொரு வீரர் அப்படித் தாங்கிக்கொண்டு முன்னே கொண்டுபோனால் தகுதிநீக்கம்.

வேகத்தைப் பிரிப்பதற்கு நல்ல உதாரணமும் அதே யீயும் வைல்டும்தான். பாரிஸ் ஒலிம்பிக் ஓட்டத்தில் வைல்டு விட்டுப் பிரிந்து போனார். யீ உடனே துரத்திப் பிடிக்கப் பாயவில்லை. தன் தாளத்தில் ஓடி, கடைசி சில நூறு மீட்டரில் தாண்டினார். முடிவில் இடைவெளி 6 விநாடி.

இதுவரை சொன்னது ஒரு நாள் பந்தயம். சீசன் என்பது வேறு கணக்கு. 2009 முதல் உலகப் பட்டம் ஒரே பந்தயத்தில் தீர்மானமாவதில்லை, ஆண்டு முழுக்கச் சேரும் புள்ளியில்தான். தொடரின் ஒரு பந்தயத்தை வென்றால் 1000 புள்ளி, இரண்டாவதுக்கு 925, அதற்குப் பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் ஏழரை சதவீதம் குறைந்துகொண்டே போகும். இறுதிப்போட்டிக்கு மட்டும் 1250. சிறந்த சில முடிவுகளும் இறுதிப்போட்டியும்தான் கூட்டலில் வரும்.

இந்த வாய்ப்பாட்டைப் படித்தாலே தெரியும், எங்கே தப்பு நடக்கும் என்று. ஒரு மோசமான நாளைக் கழித்துவிடலாம், இறுதி நாளைக் கழிக்க முடியாது. 2022இல் அபுதாபி இறுதிக்கு வரும்போது வைல்டும் யீயும்தான் மேலே இருந்தார்கள். பந்தயத்தையும் பட்டத்தையும் பிரான்ஸின் லியோ பெர்ஜேர் கொண்டுபோனார். 2023இல் ஸ்பெயினின் பொன்தேவேத்ரா. மறுபடியும் அதே இருவர் மேலே. மறுபடியும் ஒரு பிரெஞ்சுக்காரர், டோரியன் கோனிங்ஸ். இரண்டு ஆண்டும் அவர்கள் மோசமாக ஓடிவிட்டார்கள் என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் வசந்தத்திலும் கோடையிலும் ஒவ்வொரு பந்தயத்தையும் வெல்லப் பார்க்கிறவர் இலையுதிர் காலத்துக்கு என்ன மிச்சம் வைப்பார்? யோகோஹாமா மே மாதம், ஹாம்பர்க் ஜூலை, நடுவில் கண்டம் விட்டுக் கண்டம் விமானம். உடம்பு எந்த நேரத்தில் தூங்குவது என்று குழம்பிப் போகும்.

நேர்மாறான தவறும் உண்டு: ஒரே பந்தயத்தில் எல்லாவற்றையும் கட்டுவது. 2024 மார்ச்சில் சீசனின் முதல் பந்தயமாக இருந்த அபுதாபி, புயல் வானிலையால் ரத்தானது. ஒலிம்பிக் தகுதிக்குப் புள்ளி சேர்க்க அதை நம்பி வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

தூரத்தை மாற்றுவதைத் தவறு என்று சொல்லலாமா என்று எனக்கே தயக்கம். நார்வேயின் கிறிஸ்டியன் ப்ளூமென்ஃபெல்ட் டோக்கியோவில் தங்கம் வென்றார், அதே ஆண்டு உலகத் தொடரையும் வென்றார், 2022 மே மாதம் அயர்ன்மேன் உலகப் பட்டத்தையும் எடுத்தார். பிறகு குறுந்தூரத்துக்குத் திரும்பி பாரிஸில் 12ஆவது. அவரைப் போன்ற உடம்பு உள்ளவருக்கே நீண்ட தூர வேகத்திலிருந்து அந்தக் கூர்மைக்குத் திரும்புவது கடினமாக இருந்தது என்றால், மற்றவர்கள் யோசிக்க வேண்டும்.

கடைசித் தவறு, முடிவுக் கோட்டில். 2019 ஆகஸ்ட், டோக்கியோவின் ஒடைபா கடற்கரை, ஒலிம்பிக்குக்கு முன்னோட்டப் பந்தயம். வெயில் கடுமை என்று பெண்களின் ஓட்டத்தை 5 கிலோமீட்டராகக் குறைத்திருந்தார்கள். பிரிட்டனின் ஜெஸ் லியர்மன்த்தும் ஜார்ஜியா டெய்லர்-பிரவுனும் மற்றவர்களை விட்டு வெகுதூரம் முன்னே வந்துவிட்டார்கள். தோழிகள். கைகோத்துக்கொண்டு ஒன்றாகக் கோட்டைத் தாண்டினார்கள். போட்டியிடாமல் வேண்டுமென்றே சமமாக முடிப்பது விதிப்படி குற்றம். இருவரும் தகுதிநீக்கம். மூன்றாவதாக வந்த பெர்முடாவின் ஃப்ளோரா டஃபி வெற்றியாளர் ஆனார்.

இரண்டு ஆண்டு கழித்து அதே ஒடைபாவில், இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் சேர்ந்து ஓடும் கலப்பு ரிலே முதன்முறையாக ஒலிம்பிக்கில் வந்தது. பிரிட்டன் அணியில் லியர்மன்த், டெய்லர்-பிரவுன், யீ, ஜானி பிரவுன்லீ. 2012இல் கோட்டுக்கு முன்னே ஏறியவரும், 2019இல் கைகோத்தவர்களும் ஒரே அணி. ரிலேயில் கைமாற்றம் என்பது அடுத்தவர் முதுகையோ கையையோ ஒரு தட்டு தட்டுவதுதான். தங்கம் அவர்களுக்கு.